பழைய மெக்கானிக்கல் பென்சில் வாங்கப் போகிறீர்களா? முதலில் லெட்டை முடிவு செய்யுங்கள்

லண்டன் போர்ட்டொபெல்லோ சாலையில் சனிக்கிழமைதோறும் கடை பரப்பும் பழம்பொருள் வியாபாரிகள் பலரிடம் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி இருக்கும். பொடி டப்பா, தையல் விரலுறை, கடிதம் பிரிக்கும் கத்தி இவற்றுக்கு நடுவே ஐந்தாறு பென்சில்கள் கிடக்கும். ஒன்று சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத வெள்ளிக் குழல், தலையில் வளையம். இன்னொன்று உடல் முழுக்க நெருக்கமாக வரி வெட்டிய பொன்னிறத் தண்டு. மற்றொன்று அறுபட்டை அலுமினியம். எல்லாவற்றுக்கும் ‘பழைய பென்சில்’ என்று ஒரே சீட்டுதான் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் அவற்றுக்குள் நூறு ஆண்டு வித்தியாசம் இருக்கும், நான்கைந்து விதமான உள்ளமைப்பு இருக்கும், அத்தனை வகை லெட் (உள்ளே ஓடும் கிராஃபைட் குச்சி) தடிமனும் இருக்கும்.

வாங்குகிறவர்கள் கண் முதலில் வெள்ளிக்குப் போகிறது, அடுத்து பெயருக்கு. லெட்டைப் பற்றிய நினைப்பு வீட்டுக்கு வந்த பிறகுதான் வருகிறது. அப்போது அதற்கான லெட் எந்தக் கடையிலும் கிடைக்காது, அல்லது முனைக்குள் பழைய லெட் இறுகிக் கிடக்கும். அழகுப் பொருளாக அலமாரியில் வைப்பதானால் பரவாயில்லை. எழுத வேண்டும் என்றால் வரிசையை மாற்றியாக வேண்டும்: முதலில் லெட், அடுத்து உள்ளமைப்பு, அதற்குப் பிறகே பெயரும் உலோகமும்.

லெட்டின் கணக்கு

பள்ளிப் பிள்ளைகள் ‘பென் பென்சில்’ என்று சொல்லும் இன்றைய பென்சிலில் 0.5 அல்லது 0.7 மில்லிமீட்டர் லெட் ஓடுகிறது. களிமண்ணும் கிராஃபைட்டும் கலந்து சுட்ட பழைய லெட்டை இவ்வளவு மெலிதாக்கினால் எழுதும்போதே ஒடியும். ஜப்பானின் பென்டெல் நிறுவனம் 1960-இல் பிசின் சேர்த்த லெட்டைக் கொண்டுவந்த பிறகுதான் மெல்லிய லெட் அன்றாடப் பொருளானது. அதற்கு முந்தைய பென்சில் எதுவானாலும் தடித்த லெட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

1920களிலும் 30களிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவலாக இருந்த அளவு 0.046 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 1.17 மி.மீ. இன்றைய லெட் டப்பாக்களில் இதையே ஒருவர் 1.1 என்பார், இன்னொருவர் 1.15, வேறொருவர் 1.18 என்று அச்சடிப்பார். மூன்றும் ஒரே பென்சிலுக்கானவை, குழம்ப வேண்டாம். 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ‘மெல்லிய லெட்’ என்று 0.036 அங்குலம் வந்தது. அதுதான் இன்றைய 0.9. வரைபடக்காரர்களின் க்ளட்ச் பென்சிலுக்கு (லெட்டைத் தாடைகள் கவ்விப் பிடிக்கும் வகை) 2 மி.மீ. விக்டோரியா காலத்துப் பென்சில்களுக்கோ பொது அளவு என்று ஒன்று கிடையாது.

0.9 நல்ல ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும். 2 மி.மீ. ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். 1.18-ஐ இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கும், ஆனால் இன்னும் தயாரிக்கிறார்கள். பிள்ளைகளுக்காக இப்போது விற்கும் 1.3 இந்த 1.18 பென்சிலில் நுழையாது. ‘கொஞ்சம் தேய்த்தால் போகும்’ என்று அதை அழுத்தித் திணிப்பதுதான் நல்ல பென்சில்களைக் கெடுக்கும் வழி.

தடிமனில் தமிழ் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவனம் தேவை. ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் சின்னச் சுழிகள் 1.18 லெட்டில் சாதாரணக் கோடு போட்ட நோட்டில் அடைத்துக்கொள்ளும். சற்றுப் பெரிதாக எழுதும் கை என்றால் கவலையில்லை. பொடி எழுத்துக்காரர்கள் 0.9-க்கு மேல் போகாதிருப்பது நல்லது. 1.18-ஐத்தான் வாங்குவேன் என்றால் எழுதும்போது இரண்டு மூன்று வரிக்கு ஒருமுறை பென்சிலை விரலுக்குள் சற்று உருட்டுங்கள். லெட் ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி ஆகும், உருட்டியதும் அதன் கூரான விளிம்பு தாளில் படும். கோடு பாதியாக மெலியும்.

மார்டனின் வெள்ளிப் பென்சில்கள்

பழம்பொருள் கடையில் அதிகம் விலை சொல்லப்படுவது இது. ஜான் ஐசக் ஹாக்கின்ஸ், சாம்சன் மார்டன் இருவரும் 1822-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற பென்சில்தான் இந்தக் குடும்பத்துக்கு முன்னோர். (ஹாக்கின்ஸ் சாதாரண ஆளில்லை; நிமிர்த்தி வைக்கும் பியானோவுக்கு 1800-இலேயே காப்புரிமை வாங்கியவர்.) பிறகு மார்டன் கேப்ரியல் ரிடில் என்பவருடன் கூட்டுச் சேர்ந்தார். இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து பொறித்திருந்தால் அது 1830களுக்குள் முடியும் காலத்தது. ‘எஸ். மார்டன் அண்ட் கோ’ என்று இருந்தால் அதற்குப் பிந்தையது. அந்தப் பெயரில் அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பென்சில் வந்தது. 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் தொழிற்சாலை அழிந்தது.

இவற்றில் இரண்டு வடிவங்கள் பெரும்பாலும் கண்ணில் படும். ஒன்று, தண்டின் மேலுள்ள வளையத்தையோ பொத்தானையோ முன்னால் தள்ளினால் பென்சில் முனை வெளியே வரும் வகை. மற்றொன்று, வெளிக்குழலைத் திருகினாலோ இழுத்தாலோ நீளும் கழுத்துச் சங்கிலி வகை. இரண்டிலும் லெட்டை முன்னே நகர்த்துவது முனைக்குள் இருக்கும் பொடிசான தள்ளுகோல். அது ஒரு சுருள்வரியில் திருகி ஓடும். முந்தைய உடைமையாளர் யாரோ தடித்த லெட்டைத் திணித்து, நகராதபோது பலம் போட்டுத் திருகியிருப்பார். தள்ளுகோலைப் பிடித்திருக்கும் பற்றவைப்பு விட்டுப்போகும். அதன் அடையாளம்: தலை முடிவில்லாமல் சுற்றும், முனையில் எதுவும் அசையாது. இதை யாராவது ‘கொஞ்சம் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். பொற்கொல்லர் பிரித்து மறுபடி பற்றவைக்க வேண்டும். தலையில் கல் பதித்திருந்தால் அந்தச் சூட்டில் கல்லுக்கு ஆபத்து.

ஹால்மார்க் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. முழு ஹால்மார்க் இல்லாத மார்டன் எல்லாம் போலி என்பது சரியல்ல. இந்த அளவு சின்னப் பொருள்களில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் பெயர் மட்டுமே இருக்கும். முழு முத்திரை இருந்தால் படிக்கத் தெரிந்திருப்பது லாபம். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்ஹாம், வாளும் மூன்று கோதுமைக் கட்டும் செஸ்டர். செஸ்டர் முத்திரைச் சாலை 1962-இல் மூடப்பட்டது. அரசர் அல்லது அரசியின் தலை கூடவே இருந்தால் அது வரி கட்டிய அடையாளம். அந்த வழக்கம் 1890-இல் நின்றது, ஆகவே பொருள் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆண்டைச் சொல்வது ஒற்றை எழுத்து. அதை ஊர் முத்திரையோடு சேர்த்துத்தான் படிக்க முடியும், ஏனென்றால் ஒவ்வொரு ஊருக்கும் எழுத்துச் சுற்று வேறு. தங்கத்தில் 15 என்றும் .625 என்றும் இருந்தால் 1854-க்கும் 1932-க்கும் இடைப்பட்டது.

எழுதுவதற்கென்று பார்த்தால் மார்டனைக் கடைசியில் வைக்க வேண்டும். குழல் மெல்லியது, விரலுக்குப் பிடி போதாது, லெட் அளவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வரலாறும் கைவேலையும்தான் காரணம் என்றால் இதைவிட நல்லது வேறில்லை. அப்போதும் கையிலுள்ள லெட் துண்டு பொருந்துவதை மட்டுமே எடுங்கள். ஆந்தை, படகு, எகிப்தியச் சவப்பெட்டி என்று உருவங்களாகச் செய்த பென்சில்களுக்குச் சேகரிப்பாளர்களிடையே பெரும் போட்டி இருக்கிறது. முதல் பென்சிலாக அதை வாங்க வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் பொருளின் விவரமும் காலமும் எழுதிய ரசீது கொடுக்கிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.

எவர்ஷார்ப்: உலோகத்தில் வாங்குங்கள்

சார்ல்ஸ் கீரன் என்ற அமெரிக்கர் 1913-இல் வடிவமைத்த எவர்ஷார்ப்பை, கணக்குப் பொறி செய்துகொண்டிருந்த சிகாகோவின் வால் நிறுவனம் ஏற்று அடுத்த சில ஆண்டுகளில் பெரும் அளவில் செய்தது. அதே சமயத்தில், 1915-இல், டோக்கியோவில் தொகுஜி ஹயகாவா உலோகத் திருகு பென்சில் ஒன்றைச் செய்து விற்றார். 1923 நிலநடுக்கத்தில் அந்தத் தொழிலை இழந்து ஒசாகாவுக்குப் போனார். ஷார்ப் என்ற மின்னணு நிறுவனத்தின் பெயர் அந்தப் பென்சிலிலிருந்து வந்ததுதான்.

எவர்ஷார்ப்பின் சிறப்பு அதன் முனை. உள்பக்கம் துப்பாக்கிக் குழல்போல வரி வெட்டியிருப்பதால் லெட் அதைக் கவ்விக்கொண்டு நிற்கும். எழுதும்போது சுழலாது, தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. பின்னாலிருந்து ஒரு தள்ளுகோல் திருகி முன்னேறும். பாகங்கள் குறைவு, அதனால் கெடுவதும் குறைவு. கெடுவது ஒரே வழியில்தான்: 1.17 ஓட வேண்டிய துளையில் யாரோ 0.9 லெட்டைப் போட்டிருப்பார். மெல்லிய துண்டுகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஆப்பு மாதிரி இறுகிவிடும். இதை வீட்டிலேயே எடுக்கலாம், வழியைக் கடைசியில் சொல்கிறோம். ஆகவே அடைத்துக் கிடக்கும் எவர்ஷார்ப்பைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். அடைப்பைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடைத்த மார்டனுக்கு இந்தத் துணிச்சல் வேண்டாம்.

இவற்றில் ஸ்டெர்லிங் வெள்ளி, வெள்ளி முலாம், ‘கோல்ட் ஃபில்டு’ மூன்றும் வரும். கோல்ட் ஃபில்டு என்பது நம் ஊர் கவரிங்கைவிடக் கனமான வேலை: பித்தளை மேல் தங்கத் தகட்டை ஒட்டி உருட்டியது. 1/20 12K என்று அடித்திருந்தால் எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் தங்கம். கிளிப்பின் மேடான இடத்திலும் தலை விளிம்பிலும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். எழுத்துக்கு அதனால் குறையில்லை, விலையில் குறைய வேண்டும்.

1920களின் பிற்பகுதியிலிருந்து வண்ண வண்ணமாகச் செல்லுலாய்டு உடல்கள் வந்தன. கண்ணைப் பறிக்கும். ஆனால் செல்லுலாய்டு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும், மூடி விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழும், உள்ளேயிருக்கும் உலோகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூக்குக்கு அருகே பிடியுங்கள். லேசான கற்பூர வாசனை இயல்பு. புளித்த, மூக்கை அரிக்கும் நெடி வந்தால் பொருள் சிதையத் தொடங்கிவிட்டது, அது பக்கத்தில் வைக்கும் உலோகத்தையும் அரிக்கும். வைத்துவிட்டு நகருங்கள். முதல் எவர்ஷார்ப் உலோகமாகவே இருக்கட்டும்.

யார்ட்-ஓ-லெட்

வெள்ளியும் வேண்டும், தினமும் எழுதவும் வேண்டும் என்பவருக்கு நாங்கள் முதலில் காட்டுவது இதைத்தான். 1934-இல் லண்டனில் தொடங்கிய பென்சில் நிறுவனம் இது. 3 அங்குல லெட் பன்னிரண்டை உள்ளே அடுக்கி வைக்கலாம், மொத்தம் 36 அங்குலம், அதாவது ஒரு கெஜம், ஆங்கிலத்தில் யார்ட். பெயர் அங்கிருந்து வந்தது. லெட் அளவு 1.18. நிறுவனத்தின் பெயரில் இன்றும் பென்சில் வருவதால் லெட்டுக்கு அலைய வேண்டியதில்லை. வெள்ளித் தகடு மார்டனைவிடக் கனம், பிடி போதுமான பருமன்.

கவனிக்க வேண்டியவை மூன்று. தண்டில் ஆழமான ஒடுக்கு இருந்தால் உள்ளிருக்கும் லெட் கூடு வெளியே வராது. வெளிப்பார்வைக்குச் சின்ன ஒடுக்குதான் என்றாலும் கூட்டை ஒருமுறை உருவிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, அளவுக்கு மீறிய நீளமுள்ள லெட்டை யாராவது திணித்திருந்தால் கூட்டுக்குள் துண்டுகள் குறுக்கே சிக்கியிருக்கும். காதருகே ஆட்டினால் கலகலப்புக்குப் பதில் மந்தமான ஒலி வரும், அல்லது ஒலியே வராது. காலியாக இருந்தாலும் ஒலி வராது என்பதால் கூட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மூன்றாவது, பெயர் அழித்த தண்டு. பொறித்த பெயரைத் தேய்த்து எடுத்த இடத்தில் வெள்ளி மெலிந்திருக்கும், மற்ற இடத்து வரிவேலை அங்கே மழுங்கியிருக்கும், விரலால் லேசாக அழுத்தினால் பள்ளமாகும்.

அழிக்காத பெயர் நல்லது. ‘இருபத்தைந்து ஆண்டுப் பணிக்காக’ என்பது போன்ற வாசகம் பொறித்த பென்சிலைச் சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள், விலை இறங்கும். எழுதுகிறவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. யாரோ ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்து வாங்கிய பொருள் மறுபடி எழுத்துக்கு வருகிறது என்பது எங்களுக்கு அதன் மதிப்பைக் கூட்டுகிறது.

0.9 காலம், 2 மி.மீ. காலம்

பார்க்கர் 51 பேனாவோடு தொகுதியாக வந்த பென்சில், 1946-இல் வந்த கிராஸ் செஞ்சுரி வரிசை, ஆட்டோபாயின்ட், ஷீஃபர் நிறுவனங்களின் பிற்காலப் பென்சில்கள் எல்லாம் 0.9-ஐச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை என்பதே இவற்றின் பெருமை. லெட் கிடைக்கும், உள்ளமைப்பு உறுதி, விலை அடக்கம், தமிழ்ச் சுழி அடைக்காது. முதல் பென்சில், குறைந்த செலவு, நாளையே எழுத வேண்டும் என்றால் வேறு யோசனை வேண்டாம். மாறுதல் காலத்தில் சில நிறுவனங்கள் ஒரே தோற்றத்தில் இரண்டு தடிமனிலும் செய்திருப்பதால், வடிவத்தை நம்பாமல் லெட் துண்டால் சோதியுங்கள்.

ஒரு பொறி உண்டு: 1955-இல் பார்க்கர் கொண்டுவந்த ‘லிக்விட் லெட்’. பெயர் பென்சில், உள்ளே இருப்பது கிராஃபைட் கலந்த மை ஓடும் பால்பாயின்ட் குழல். அதற்கான குழல் இப்போது செய்யப்படுவதில்லை. முனையில் லெட் துளை இல்லாமல் குண்டு இருந்தால் வைத்துவிடுங்கள்.

க்ளட்ச் வகையில் கரான் தாஷ் நிறுவனத்தின் ஃபிக்ஸ்பென்சில் முக்கியமானது. ஜெனீவாவில் கார்ல் ஷ்மித் 1929-இல் உருவாக்கியது, அறுபட்டை உடல், பின்னாலுள்ள பொத்தானை அழுத்தினால் தாடைகள் திறந்து 2 மி.மீ. லெட் நழுவி வரும். தாடை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க லெட்டை ஒரு செ.மீ. நீட்டிப் பூட்டி, தாளில் செங்குத்தாக அழுத்துங்கள். பின்வாங்கினால் பாதி நேரம் அழுக்குதான் காரணம், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் பிடிப்பு திரும்பும். துடைத்தும் நழுவினால் தேய்மானம். லெட்டைக் கூராக்கத் தனி ஷார்ப்னர் வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் வரைகிறவர்களுக்கு இது பொக்கிஷம். குறிப்பு எழுத மட்டும் என்றால் அடிக்கடி கூராக்குவது அலுக்கும்.

1970களுக்குப் பிந்தைய வரைபடப் பென்சில்களும், 1989-இல் வந்த ராட்ரிங் 600-உம் பழம்பொருள் கடையில் அபூர்வமாகவே வரும், பழைய ஸ்டேஷனரி சரக்கில் தேடுவது மேல். முனையிலுள்ள ஊசிக் குழல் துளி வளைந்திருந்தாலும் 0.5 லெட் ஒடிந்துகொண்டே இருக்கும். தட்டையான கண்ணாடி மேல் பென்சிலை உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும்.

கடையில் ஐந்து நிமிடம்

பையில் இருக்க வேண்டியவை: நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ், சின்ன டார்ச், ஒரு காலி மருந்துக் குப்பியில் 0.7, 0.9, 1.18, 2.0 லெட் துண்டுகள் இரண்டிரண்டு, ஒரு மெல்லிய துணி. அளவுகோல் தேவையில்லை, லெட் துண்டே அளவுகோல்.

கேட்காமல் எதையும் திருகாதீர்கள். ‘சுழற்றிப் பார்க்கலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் சரி என்பார்கள். பிறகு இரண்டு விரலால் மட்டும் திருகுங்கள். இரண்டு விரலுக்கு நகராதது முழுக் கைக்கு நகரக் கூடாது, உடையத்தான் செய்யும். தள்ளுகோல் முன்னும் பின்னும் போகும் வகையில், முழுக்க முன்னால் திருகினால் கோலின் நுனி துளைக்கு அருகே தெரிய வேண்டும். தெரிந்தால் உள்ளே அடைப்பில்லை, சுருள்வரியும் சரி. பிறகு கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்துளை வழியாக லெட் துண்டை விடுங்கள். 0.9 தொளதொளவென்று விழுந்து, 1.18 மெல்லிய உரசலோடு போனால் அது 1.18. 0.9 உரசலோடு போய், 1.18 நுழையவே இல்லையென்றால் 0.9. 1.18-உம் தொளதொளவென்று விழுந்து, 2.0-உம் பொருந்தாவிட்டால் இன்று எளிதில் கிடைக்காத ஏதோ ஒரு அளவு, எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். லெட் நின்ற பிறகு தாளில் வழக்கமான அழுத்தத்தில் நான்கு வரி எழுதுங்கள். உள்ளே போகக் கூடாது.

உடலை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒடுக்குகள் நிழலாகத் தெரியும். வெள்ளி மேல் ஒருமுறை வாயால் ஊதுங்கள். ஆவி படிந்து மறையும் அந்த இரண்டு நொடியில் பற்றவைத்த ஒட்டும் ஈயப் பற்றும் தனி நிறமாகக் காட்டும். ஈயப் பற்று சாம்பல் நிறத் திட்டாக இருந்தால் பொற்கொல்லர் அல்லாத யாரோ கைவைத்திருக்கிறார். தலையைக் கழற்றி உள்ளே பாருங்கள். பழைய ரப்பரில் கந்தகம் உண்டு, அது வெள்ளியைக் கறுக்கடிக்கும். கறுப்பு துடைத்தால் போகும், கல்லாக இறுகிய ரப்பர் மூடியோடு ஒட்டியிருந்தால் மூடியை முறுக்காதீர்கள்.

தந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. விக்டோரியா காலப் பென்சில்களில் தந்தத் தண்டும் ஆமை ஓட்டுத் தண்டும் வரும். பிரிட்டனில் தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. சில விலக்குகள் தவிர தந்தப் பொருள் விற்பதே குற்றம். இந்தியாவுக்கு எடுத்து வருவது அதைவிடச் சிக்கல், சுங்கத்தில் பறிபோகும், வழக்கும் வரலாம். லென்ஸில் தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த கோடுகள் தெரியும், எலும்பில் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். சந்தேகம் இருந்தால் வாங்காதீர்கள்.

எந்தக் கடை

லண்டன் சான்சரி லேனில் நிலத்தடியில் இருக்கும் சில்வர் வால்ட்ஸ் கடைக்காரர்கள் வெள்ளியில் தேர்ந்தவர்கள். உலோகமும் முத்திரையும் சரியாக இருக்கும், விலையும் அதற்கேற்ப. ஆனால் வெள்ளி அறிந்தவருக்குப் பென்சிலின் உள்ளமைப்பும் தெரியும் என்று எண்ண வேண்டாம், சோதனையை நீங்களே செய்யுங்கள். போர்ட்டொபெல்லோவில் வகை அதிகம், பேரமும் நடக்கும். ‘குறைத்துக் கொடுங்கள்’ என்பதைவிட ‘உங்களால் முடிந்த விலை என்ன?’ என்று கேட்பது அங்கே பலிக்கும், இரண்டு பென்சில் சேர்த்துக் கேட்டால் இன்னும் பலிக்கும். பெர்மண்ட்ஸி சந்தை வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கூடும். நல்லது சீக்கிரம் போய்விடும் என்பதால் இருட்டிலேயே டார்ச்சோடு போகிறவர்கள் உண்டு. திருட்டுப் பொருளானாலும் அங்கே பகலில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே சொந்தம் என்று ஒரு பழைய சட்டம் இருந்தது. 1995-இல் அது ஒழிந்தது. இப்போது ரசீது வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

இணைய ஏலத்தில் விலை குறைவாகத் தெரியும், ஆனால் திருகிப் பார்க்க முடியாது. வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று கேள்வி: தள்ளுகோல் முன்னும் பின்னும் நகர்கிறதா, துளைக்குள் லெட் இருக்கிறதா, எந்த லெட் பொருந்துகிறது என்று போட்டுப் பார்த்தீர்களா. மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால் அடைத்த பென்சிலுக்கான விலைக்கு மேல் ஏறாதீர்கள்.

அடைத்த லெட்டை எடுப்பது

பழைய லெட் களிமண்ணும் கிராஃபைட்டும் சேர்த்துச் சுட்டது. எந்தத் திரவத்திலும் கரையாது. ஊறவைப்பதால் கெடுதல்தான்: ஸ்பிரிட்டும் அசிட்டோனும் செல்லுலாய்டை இளக்கிவிடும். முனைக்குள் எண்ணெய் விடுவதும் வேண்டாம், பிறகு போடும் லெட் வழுக்கும். தேவை கையால் சுழற்றும் சின்னத் துளையிடும் பிடியும், துளையைவிட மெலிந்த துரப்பண ஊசியும் மட்டுமே: 1.18 பென்சிலுக்கு 1.0 மி.மீ., 0.9 பென்சிலுக்கு 0.8 மி.மீ. மோட்டார் பொருத்திய கருவி கூடவே கூடாது, பித்தளையைத் தின்றுவிடும்.

தள்ளுகோலை முழுக்கப் பின்னால் கொண்டுபோங்கள். நகரவில்லை என்றால் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். பென்சில் முனை கீழே பார்க்கப் பிடித்து, ஊசியை நேராக வைத்து, அழுத்தம் கொடுக்காமல் நாலைந்து சுற்று சுற்றி வெளியே எடுங்கள். கறுப்புத் தூள் கொட்டும். தட்டிவிட்டு மறுபடி. ஊசியில் மஞ்சள் மினுக்கம் தெரிந்த உடனே நிறுத்துங்கள், அது லெட் அல்ல, பித்தளை. அரை செ.மீ. அடைப்புக்குப் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். எதிரே கடினமாக, நெகிழாமல் ஒன்று தட்டினால் அது தள்ளுகோலின் நுனி, அதற்கு மேல் போகக் கூடாது.

துளை திறந்ததும் முழு லெட்டைப் போட்டுவிடாதீர்கள். இரண்டு செ.மீ. துண்டு ஒன்றைப் போட்டு, முன்னும் பின்னும் பத்து முறை ஓட்டுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் மிச்சத் தூளையும் அது இழுத்துக்கொண்டு வரும். அந்தத் துண்டை எறிந்துவிட்டு ஹெச்பி லெட் ஒன்றைப் போட்டு எழுதுங்கள். 1.18-இல் கோடு சாம்பலாகத் தெரிந்தால் அடுத்த டப்பா பி வாங்கலாம்.